முதலில் ஏறிய பெட்டி

நல்ல நேரத்துக்கு விலையே இல்லை என்பார்கள். ஜெர்மனியின் டோர்ட்முண்டில் அது நாற்பது யூரோ. சபாரத்தினம் பேரம் பேசி முப்பத்தைந்துக்கு முடித்தார். லண்டன் எட்மண்டனில் எடுத்த புதுவீட்டில், அந்த ஊர் நேரம் பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஆடி பிறக்கிறது. தவறினால் ஒரு மாதத்துக்கு அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று மனைவி சிவகௌரி சொல்லிவிட்டார். அதுவரை தங்குவதற்கு லண்டனின் மறுகோடியில், டூட்டிங்கில் அவருடைய தம்பியின் ஓர் அறை. அதில் ஏற்கெனவே ஐந்து பேர்.

ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும், பிள்ளைகளை இங்கிலீஷில் படிப்பிக்க மேற்கே புறப்பட்ட குடும்பங்களை என் தார்ப்பாய் லொறியில் கொண்டுவந்து இறக்குவதுதான் 2004இல் எனக்குத் தொழில். சபாரத்தினம் குடும்பத்தோடு வந்த இந்தப் பயணத்தில் பெல்ஜியத்தில் டயர் வெடித்தது. கலேயில் கப்பலைத் தவறவிட்டோம். மகள் மேனுஷா மூன்று தடவை வாந்தி எடுத்தாள். இதெல்லாம் வழமை.

எட்மண்டனில் லொறியை நிறுத்தியபோது பதினொன்று இருபது.

"கிறிஸ்துராஜா அண்ணை, சாமிப்படப் பெட்டியை எடுங்கோ. அதுதான் முதல் உள்ளுக்குப் போகவேணும்," என்றார் சிவகௌரி.

"எங்கை வைச்சனீங்கள்?" என்றேன்.

"சாமியெல்லே! முதல் ஏத்தினது அதைத்தான்."

முதலில் ஏறியது என்றால் லொறியின் ஆக உள்ளே. அதற்கு முன்னால் பதினாறு வருடக் குடித்தனம்.

"அப்ப மற்றச் சாமானை உள்ளுக்கு வைச்சு வைச்சு எடுப்பம், தங்கச்சி."

"சாமிக்கு முந்தி சோபா குடிபூருறதோ? வேதக்காரருக்கு உது விளங்காது."

"எங்கட ஆள் மாட்டுக்கொட்டிலிலை பிறந்தவர். சோபாவோடை சமாளிப்பார்."

சபாரத்தினம் சிரித்தார். மனைவி திரும்பியதும் குனிந்து பிரிட்ஜைப் பிடித்தார்.

அலுமாரி, கட்டில், மெத்தை எல்லாம் நடைபாதையில் அடுக்கினோம். ஒரு வெள்ளைக்கார அம்மா நின்று மேசைவிளக்கின் விலை கேட்டார். எதற்கும் விலை சொல்லும் பழக்கதோஷம், பத்து பவுண் என்றேன். சிவகௌரி விளக்கைப் பறித்துக்கொண்டார்.

பதினொன்று ஐம்பதுக்குப் பெட்டி வெளியே வந்தது; பால்சட்டியும் பாலும் அதற்குள்ளேதான். சிவகௌரி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலில் மட்டும் நின்று வலதுகாலை எடுத்து வைத்தார். பால் பொங்கும்வரை வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. ஆளுக்கொரு கதிரையைத் தூக்கியபடி நானும் சபாரத்தினமும் வாசலில் நின்றோம்.

"பொங்கிட்டுது!" என்று மேனுஷா கத்தினாள். பன்னிரண்டாக இரண்டு நிமிடம்.

சாமான்களை அள்ளத் தொடங்கிச் சிறிது நேரத்தில் வானம் உடைந்து கொட்டியது.

"நனைஞ்சது காயும், அண்ணை," என்று தேத்தண்ணியை நீட்டினார் சிவகௌரி. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

லொறியில் ஏறியது எண்பத்திரண்டு உருப்படி. நல்ல நேரத்தில் வீட்டுக்குள் போனது ஒன்று. மழைக்கு முன் போனது முப்பது. நனைந்தது ஐம்பத்தொன்று. கணக்குச் சரி.