துணைக்குப் போகிறவள்

விடுதிக்கு நாற்பதாவது வருஷம் என்று போன மாசம்தான் விழா மலர் போட்டார்கள். பட்டாசு ஆலை ஊர்களிலிருந்து படிக்க வரும் பெண் பிள்ளைகளுக்காக விருதுநகர் வியாபாரிகள் நிலம் கொடுத்த கதை, புதுசாக வந்தவர்கள் சீனியர்களுக்கு முன்னால் பாட்டுப் பாடும் கூத்து, மாசக் கடைசி ஞாயிறு பரோட்டாவுக்கு நடக்கும் தள்ளுமுள்ளு, எல்லாம் வழவழ தாளில் வண்ணப்படத்தோடு வந்திருந்தது. ஒரு வழக்கத்தை மட்டும் எழுதவில்லை. எழுதுவார்களா என்ன?

ஆலையில் விபத்து என்று போன் வரும். காயம் என்றால் அந்தப் பிள்ளையை வார்டனே ஊருக்குக் கூட்டிப் போவார். உயிர் போய்விட்டால், முன்னால் அப்படிப் பெற்றவரைப் பறிகொடுத்த ஒருத்தி துணைக்குப் போவாள். வீடு சேரும்வரை உண்மையைச் சொல்லக் கூடாது. கேட்டால் "காயம்தான்" என்று சமாளிக்க வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது.

போன வருஷம் பானுப்பிரியாவுக்கும் தெரியாது. துணைக்கு வந்தவள் "காயம்தான்" என்றதை நம்பி, ஆஸ்பத்திரிக்கென்று பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடி வாங்கினாள். அந்தப் பையோடு அம்மாவின் பிணத்துக்கு முன்னால் போய் நின்றாள். அழுகைகூட வரவில்லை. அன்றைக்கு மரத்துப்போன மனசு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

இன்று பதினொன்றரை மணிக்கு வார்டன் ஞானசுந்தரி அவளைக் கூப்பிட்டார்.

"ஃபர்ஸ்ட் இயர் ஓவியாவோட அம்மா போயிட்டாகளாம். எம். புதுப்பட்டிதான் ஊரு. நீ கூடப் போறியாம்மா?"

"போறேன் மேடம்."

ஊரிலிருந்து யாரும் கூப்பிட்டுச் சொல்லிவிடாதபடி ஓவியாவின் செல்போனை அதற்குள் வார்டன் வாங்கி வைத்திருந்தார். அதைப் பானுவின் பையில் போட்டு, ஓவியாவின் ரூமுக்கு அனுப்பினார்.

சிவகாசி பஸ்ஸில் ஓவியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாசமாய்ப் போன வழக்கம்! தன்னை ஏமாற்றியதுபோல் இவளை ஏமாற்றக் கூடாது, ஆமத்தூர் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பானு முடிவு கட்டியிருந்தாள். பைக்குள் அந்தப் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆமத்தூரில் நாலு பேர் இறங்கினார்கள்.

"ஏ ஓவியா, இங்கன பாரு. ஒண்ணு சொல்லணும்."

அவள் திரும்பவில்லை. "சொல்லாதீகக்கா."

"எதைச் சொல்லுதே?"

"ரூம் வாசல்ல நீங்க வந்து நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. காயம்னா மேடம்ல வந்திருப்பாக? சீனியர் அக்கா ஒருத்தி சொல்லியிருக்கா." அவள் குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. "நீங்க வாயால சொல்லிராதீகக்கா. ஊரு வர்ற வரைக்கும் எங்கம்மா இருக்கட்டும்."

தனக்குத் துணைக்கு வந்தவள் என்று ஒரு வருஷமாகப் பானு யாரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாளோ, அவள் முகம் நினைவுக்கு வந்தது. பாவம், அவளும்தான் என்ன செய்வாள்?

பானு ஓவியா பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"உங்கம்மா கம்பெனியில என்ன வேலை பாக்காக?"

ஓவியா இப்போதுதான் திரும்பினாள்.

"வெடிச் சரம் பின்னுதா. எங்க ஊர்லயே அம்புட்டு வேகமா யாரும் பின்ன முடியாது, தெரியுமா?" என்று ஆரம்பித்தவள், புதுப்பட்டி வரும்வரை நிறுத்தவே இல்லை.