கரோலன் வீட்டுப் பூசை

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் மலக்கி, வசந்தத்துக்கான வீட்டுப் பூசைப் பட்டியலை வாசித்தார். எங்கள் கோவிலுக்கு உட்பட்ட பங்கில் வருஷத்துக்கு இரண்டு முறை, பகுதிக்கு ஒரு வீடு என்று முறைவைத்து, சமையலறை மேசையையே பலிபீடமாக்கிப் பூசை வைப்பார்கள். பேர் வந்த வீட்டுக்காரர்கள் மறுநாளே பெயிண்ட் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு பெருமை அதற்கு.

"கில்பிரானா பகுதிக்கு, டொமினிக் கரோலன் வீடு" என்றார்.

முறைப்படி அது டோலன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான்தான். அவர் பேனாவால் மாற்றியிருக்கிறார். கையில் இருந்த தண்ணீர்க் குப்பியைக் கீழே வைத்தேன். மூன்று வாரத்துக்கு முன் நான் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

கோவில் உடையறை என் பொறுப்பு. பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும்போது போடும் புதுநன்மை உடைகள் அங்கே ஒரு கம்பி நிறையத் தொங்கும். வாங்க முடியாத வீடுகளுக்கு அளவு திருத்தி இரவல் கொடுப்பேன். பிப்ரவரி முதல் சனிக்கிழமை க்ரானியா தன் மகள் எத்னாவை அழைத்து வந்தாள். ஏழு வயசுப் பிள்ளை. டொமினிக் அவளுடைய இரண்டாவது அப்பா, வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஊரில் யார் வீட்டில் குளிருக்கு எரிக்கும் கரி தீர்ந்தாலும் டிராக்டரோடு முதலில் வந்து நிற்கிறவன். என் வீட்டிலும் நின்றிருக்கிறான்.

க்ரானியா போன் வந்து வெளியே போனாள். நான் பிள்ளையின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். முதுகின் மேற்பாதியில், கழுத்து வரை, பெல்ட் அகலத்துக்குத் தடங்கள். சில பழசாகி மஞ்சள் பூத்திருந்தன. சில அந்த வாரத்தவை.

நான் வாயைத் திறப்பதற்குள் எத்னா சொன்னாள்: "கீழ விழுந்துட்டேன்னு சொல்லணும்."

"யாரும்மா அப்படிச் சொல்லச் சொன்னது?"

அவள் கம்பியில் தொங்கிய உடையைப் பார்த்தாள். "இதுல கழுத்து வரைக்கும் துணி வச்சுத் தைக்க முடியுமா?"

முடியும் என்றேன். ஒரு பிஸ்கட் கொடுத்தேன். தாயும் பிள்ளையும் போன பிறகு, அந்த உடையைக் கையில் வைத்துக்கொண்டே ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடினார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இதை எங்கிட்ட விட்டுடுங்க, நுவாலா" என்றார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்துத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன். எங்கள் ஊரில் ஃபாதரிடம் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். என் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள்.

பூசை முடிந்து அவர் உடையறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

சும்மா இருக்கவில்லை என்றார். அவருக்கு மேலே உள்ள ஆயரின் இல்லத்துக்குப் போன் செய்தாராம். பார்க்கிறோம், அதுவரை அவசரப்பட வேண்டாம் என்றார்களாம். பிறகு டொமினிக்கையே கூப்பிட்டுப் பேசினாராம். அவன் அழுதானாம். அந்த வீட்டுக்குள் ஆண்டவர் ஒரு தடவை வந்து போனால் எல்லாம் மாறும் என்றுதான் பட்டியலை மாற்றினாராம்.

"அவங்கிட்ட என் பேரைச் சொன்னீங்களா, ஃபாதர்?"

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். நான் அவரிடம் சொன்ன பிறகு இந்த மூன்று வாரமாக எத்னா புதுநன்மை வகுப்புக்கு வரவில்லை. சளி என்று சொல்லியிருந்தார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

"அவன் எங்கிட்ட என்ன சொன்னான்னு நான் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்" என்றார்.

"அவன் சொன்னதை நான் கேக்கல. நான் சொன்னதைத்தான் கேக்கறேன். நான் முழங்கால் போட்டு, வெளிய சொல்லக்கூடாத பாவசங்கீர்த்தனமா சொல்லல. இதே இடத்துல, கையில துணியோட நின்னுட்டுச் சொன்னேன். அரசாங்கத்துக்கு நீங்களே சொல்லணும்னு சட்டம் இருக்கு. ஆயர் வீட்டுக்குச் சொன்னா அது கணக்கில்ல."

"அதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"போன வருஷம் பிள்ளைங்க பாதுகாப்பைப் பத்தி ஃபாதருங்க எல்லாருக்கும் ஒரு வகுப்பு நடந்துச்சே. நான்தான் டீ போட்டேன். பிஸ்கட் தின்னவங்களைவிட எனக்கு நல்லா காது கேட்டுச்சு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பத்து வருஷமாக அவருக்குத் திருவுடை இஸ்திரி போட்டவள் நான். என் கணவர் இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவர் அவர். அந்த மனிதர்தான் என் எதிரே நின்று, கொஞ்சம் பொறுங்கள் என்றார். வீட்டுப் பூசை நடந்து முடியட்டும் என்றார்.

கோவில் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு அறிவிப்பு இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிக் கவலை இருந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். சனிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியை நான்தான் துடைப்பேன். அன்றைக்குத்தான் நின்று வாசித்தேன். குழந்தைகள் நல அலுவலகம் மூடியிருந்தால் காவல் நிலையத்துக்கு, என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அன்று ஞாயிறு. அங்கேயே நின்று காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். எதை எப்போது பார்த்தேன் என்று கேட்டாள். தேதியைச் சொன்னேன்.

"மூணு வாரம் ஆச்சே. இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எங்க ஃபாதர்கிட்ட சொன்னேன்."

அந்தப் பக்கம் அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

அன்று மாலையே கரோலன் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்றது. ஃபாதரும் மறுநாள் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டுப் பூசை நடக்கவில்லை. எத்னாவை வேறு ஊரில் இருக்கும் சித்தியின் வீட்டில் விட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. கடை வாசலில் டோலன் மனைவி எல்லார் காதிலும் விழும்படி, "இனிமே உனக்கு யாரு கரி கொண்டு வந்து போடப் போறா, நுவாலா?" என்று கேட்டாள். அந்த வாரமே ஒரு விடியற்காலையில் என் பின்வாசலில் ஒரு மூட்டை கரி இருந்தது. யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. வைத்தவரை ஆண்டவருக்குத் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் அந்தச் சித்தி போன் செய்தாள். எத்னா அங்கேயே புதுநன்மை வாங்கப் போகிறாளாம், உடையை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். தைத்துத் தயாராக இருக்கிறது, கழுத்து வரை துணி வைத்திருக்கிறேன் என்றேன். பின்னால் பிள்ளையின் குரல் கேட்டது. சித்தி திரும்ப வந்து, "அது இப்போ வேணாமாம்" என்றாள்.

உடையறை ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கழுத்துத் துணியை ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஃபாதர் உள்ளே வந்தார். என் கையில் இருந்த உடையைப் பார்த்தார்.

"தபால்ல போட நான் எடுத்துட்டுப் போகவா? எங்கிட்ட குடுங்க."

அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அன்றும் ஜெபித்தேன்.

"வேணாம், ஃபாதர். நானே போட்டுக்கறேன்" என்றேன்.