ருக்கியா வீட்டு ரொட்டி

டாக்ஸியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் செய்தித்தளம் அன்று மதியம் வெளியிட்டிருந்த பேட்டியின் முன்னோட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பேசுகிறாள். முகம் அவளுடையதில்லை, குரலும் அவளுடையதில்லை. இரண்டையும் ஏஐ மாற்றிக் கொடுத்திருந்தது. ஜன்னலையும் சுவரில் தொங்கிய கல்யாணப் போட்டோவையும்கூட மங்கலாக்கியிருந்தது. ஆனால் அவள் முன்னால் மேசைமீது, துணி விலகிய தட்டில், ஒரு வட்ட ரொட்டி பளிச்சென்று தெரிந்தது. அதன் நடுவில் ஒரு பிறை, பிறைக்குள் மூன்று இலை.

ஃபெஸ் நகரத்துப் பழைய தெருக்களில் மாவை வீட்டில் பிசைவோம், சுடுவது தெருவுக்குப் பொதுவான அடுப்பில். எல்லா வீட்டுத் தட்டும் ஒரே நேரத்தில் போகும். ஒருவர் ரொட்டி இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று வீட்டுக்கு வீடு மர அச்சில் ஒரு முத்திரை வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மறந்தாலும் அவர் ரொட்டியின் முத்திரையை எவரும் மறப்பதில்லை. பேட்டி கொடுத்த பெண் ருக்கியா. அவள் தெருவில்தான், அவள் குற்றம் சாட்டும் டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ் நஸீஹாவும் குடியிருந்தாள். அவள் வீட்டு ரொட்டியும் அதே அடுப்புக்குத்தான் போகும்.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க. பழைய நகரத்துக்கு விடுங்க, வேகமா."

"இப்பத்தானே தங்கச்சி அங்கேருந்து வர்றோம்?"

"திருப்புங்க அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ருக்கியா அந்த மையத்தில் தரை துடைப்பவள். அவள் கணவர் அல்லாலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, அதே மையத்தில்தான் டயாலிசிஸ். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிய வேண்டிய ஃபில்டரை அங்கே கழுவி அடுத்த நோயாளிக்கு மாட்டுகிறார்கள். அதை முதலில் பிடித்தது எங்கள் அலுவலகத்து ஏஐதான். அதை நாங்கள் கிண்டலாக உஸ்தாத், அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவோம். மலைபோல் குவிந்த கொள்முதல் ரசீதுகளை அது படித்து, போட்ட டயாலிசிஸில் பாதிக்குக்கூட ஃபில்டர் வாங்கவில்லை என்று காட்டியது. நாங்கள் படித்திருந்தால் கண் பூத்துப்போயிருக்கும். ஆனால் வெறும் காகிதத்தை வைத்து யாரையும் மடக்க முடியாது, கண்ணால் பார்த்த ஒரு ஆள் வேண்டும். ருக்கியா ஒப்புக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் யாரென்று தெரியக் கூடாது, தெரிந்தால் அவள் புருஷனுக்கு மெஷின் கிடைக்காது.

நான் ஆசிரியர் முஃபத்தலுக்குப் போன் போட்டேன்.

"அந்த வீடியோவ உடனே தூக்கு!"

"என்னாச்சு தூரியா? இப்பத்தான் சூடு பிடிக்குது. அடையாளம் எதுவுமே இல்லன்னு உஸ்தாத் பச்சை காட்டிருச்சே."

"உஸ்தாத் உங்க தெருவுல ரொட்டி சுட்டிருக்கா? தட்டைப் பாரு, தட்டை!"

மறுமுனையில் வீடியோ மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "யா அல்லாஹ்" என்றான்.

அவனும் ஃபெஸ்காரன். கேமரா பிடித்த ஜவாதும் ஃபெஸ்காரன். நானோ பழைய நகரத்தில் பிறந்து, அச்சு வைத்த ரொட்டி தின்று வளர்ந்தவள். மூன்று பேரும் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்தோம். அது எங்கள் கண்ணில் படவில்லை, ஏனென்றால் உஸ்தாத் பச்சை காட்டிய பிறகு நாங்கள் பார்க்கவேயில்லை, பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"தூக்கியாச்சு. ஆனா நிறையப் பேரு பகிர்ந்துட்டாங்க" என்றான். "ஒண்ணு செய்யலாம். உஸ்தாத்தை வச்சு ரொட்டில வேற முத்திரை போட்டு மறுபடி ஏத்திடலாம். பழசப் பாத்தவனும் குழம்பிடுவான். இரு, அனுப்புறேன்."

கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்தது. ரொட்டியில் எட்டு முனை நட்சத்திரம், நிஜம்போலவே லேசாகக் கருகிய விளிம்போடு.

"இது எவன் வீட்டு முத்திரை?"

"எவன் வீட்டுதும் இல்ல. அதுவே கற்பனையா வரைஞ்சது."

"அடப்பாவி! எட்டு முனை நட்சத்திரம் இல்லாத தெரு ஃபெஸ்ல எங்க இருக்கு? என் தாய்மாமன் வீட்டு ரொட்டிலயே அதுதான் இருக்கு. அவர் மருமக ஆஸ்பத்திரில வேலை பாக்குறா. நாளைக்கு அவ கழுத்தைப் பிடிப்பாங்க. ஒரு குடும்பத்தைக் காப்பாத்த இன்னொரு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்துவியா?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"தெரியல. எதையும் ஏத்தாத. நான் அவ வீட்டுக்குப் போறேன்."

வண்டி போகாத சந்துகளில் ஓடினேன். எதிரே வந்த கோவேறு கழுதைக்காரன் திட்டினான், நானும் திட்டினேன். ருக்கியாவின் கதவு திறந்தே கிடந்தது. அல்லால் திண்டில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. ருக்கியா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நஸீஹா போன் பண்ணுனா" என்றாள். "'உங்க வீட்டு ரொட்டி நல்லா வெந்திருக்கு லல்லா ருக்கியா'ன்னு மரியாதையாத்தான் சொன்னா. அவ்வளவுதான், வேற திட்டு ஒண்ணும் இல்ல. அப்புறம், 'நாளைக்கு உங்க வீட்டுக்காரர் மெஷின் ரிப்பேர், வேற எங்கயாச்சும் பாத்துக்கங்க'ன்னா. எனக்கும் இனிமே வேலை இல்லையாம்."

வேறு எங்கேயும் மெஷின் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் ஒருவர் செத்தால்தான் இன்னொருவருக்கு மெஷின். நாளை தவறினால் அல்லாலின் நுரையீரலில் நீர் ஏறிவிடும்.

"அக்கா, என்னை ரெண்டு அறை அறைஞ்சிடு" என்று அழுதேன்.

"உன்னை அறைஞ்சா இவருக்கு மெஷின் வந்துடுமா? அழுது என் தரையை நனைக்காத, நான்தான் துடைக்கணும்." கைப்பேசியைத் தரையில் வைத்தாள். "அந்தத் தட்டை எடுன்னு சொல்ல உங்க ஒருத்தருக்கும் வாய் வரலையா?"

"விருந்துக்கு வச்ச தட்டை எடுங்கன்னு எப்படிக்கா சொல்றது?"

"அதுவும் சரிதான். நீ சொல்லியிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி ரொட்டிய எடுத்தா நான் என்ன மனுசி?"

என் கைப்பேசி அடித்தது. முஃபத்தல். முழுப் பேட்டியையும் நிறுத்திவிடலாம், மையத்தோடு பேசிச் சமாதானம் செய்யலாம் என்றான். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ருக்கியா போனைப் பிடுங்கினாள்.

"சமாதானமா? என்ன சொல்லிச் சமாதானம் பண்ணுவீங்க தம்பி? கழுவுன ஃபில்டரே போதும்னா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இன்னொரு முகம் மாட்டினீங்கள்ல, அதைக் கழட்டு. என் சொந்த மூஞ்சியப் போடு."

"அக்கா, வேண்டாம். இன்னும் பெரிய வம்பு ஆகும்."

"மூஞ்சி இல்லாதவள அமுக்குறது சுலபம். ரிப்பேர்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திடுவாங்க, நாளை மறுநாள் இவரைப் புதைச்சிட்டு வருவேன், எவனுக்கும் தெரியாது. ஊரே என்னைப் பாத்துட்டிருந்தா எப்படிச் சாத்துவாங்க? என் வேலை போயிடுச்சு. இவரு போகக் கூடாது."

நான் அல்லாலைப் பார்த்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். "அவ சொன்னா சொன்னதுதான்" என்றார், அவ்வளவே.

ஒரு பெண்ணின் சொந்த முகத்தை ஊருக்குக் காட்டுவதா வேண்டாமா என்று எந்த எந்திரத்தையும் கேட்க முடியாது. முஃபத்தல் போட மாட்டேன் என்றால் வேலையை விடுவதென்று முடிவு செய்தேன். அவன், "போடு" என்று ஒரே வார்த்தை சொன்னான். அதற்காக அவனுடைய பல முட்டாள்தனங்களை மன்னித்துவிட்டேன்.

கைப்பேசியிலேயே எடுத்தேன். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தாள். தன் பெயரைச் சொன்னாள், கணவர் பெயரைச் சொன்னாள், மையத்தின் பெயரைச் சொன்னாள். கழுவும் தொட்டி எந்த அறையில் இருக்கிறது என்றும் சொன்னாள். கடைசியில், "நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரரு அந்த வாசல்ல நிப்பாரு. மெஷின் ரிப்பேர்னு சொல்றாங்க. முடிஞ்சவங்க வந்து பாருங்க" என்றாள்.

அன்றிரவே அதை ஏற்றினோம். மறுநாள் காலை மையத்தின் வாசலில் கூட்டம். நோயாளிகளின் பிள்ளைகள், மருமகள்கள், தெருக்காரர்கள், எங்களுக்குப் போட்டியான இரண்டு செய்தித்தளத்து ஆட்கள். மேலாளர் வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க ஸி அல்லால், மெஷின் சரியாயிடுச்சு" என்று மரியாதைச் சொல்லோடு பல்லைக் காட்டினான். ராத்திரியோடு ராத்திரியாக எந்த மெக்கானிக் வந்தானோ! எங்களைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன். மற்ற நோயாளிகளின் முகத்தை உஸ்தாத் மறைக்கட்டும், ஆனால் வெளியே போகுமுன் ஒவ்வொரு அங்குலத்தையும் நானே பார்ப்பேன் என்று முஃபத்தலிடம் சொல்லியிருந்தேன்.

அல்லால் நாற்காலியில் உட்கார்ந்தார். நஸீஹா எல்லாருக்கும் தெரியும்படி ஒரு புதுப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, கிழித்து, ஃபில்டரை மெஷினில் மாட்டினாள். என் பக்கத்தில் ருக்கியா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினாள். நஸீஹா ஊசியை எடுத்துக்கொண்டு அவர் கையைக் கேட்டாள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

வலப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். இடப் பக்கத்தைப் பார்த்தார். அந்த மெஷின்களில் ஃபில்டர்கள் முன்பே மாட்டியிருந்தன, பாக்கெட்டை யாரும் பார்த்ததில்லை.

"இவங்களுக்கு?" என்று கேட்டார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அவங்களுக்கு எல்லாம் ரெடியா இருக்கு ஸி அல்லால். கையக் குடுங்க."

"இவங்களுக்கும் என் கண்ணு முன்னாடி கிழி."

அவருக்கு மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. ருக்கியா கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். "கையக் குடுய்யா! உனக்காகத்தானே ஊர் முன்னாடி மூஞ்சியக் காட்டினேன்! குடுத்துத் தொலை!" என்று கத்தினாள். அவர் அவளைப் பார்த்தார், முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்து நாற்காலியிலிருந்த பெரியவர் தன் மெஷினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா மகளே, என்னோடது எந்தப் பாக்கெட்லேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். மூலையிலிருந்து ஒரு பெண்ணும் கேட்டாள். அப்புறம் எல்லாரும் கேட்டார்கள்.

மேலாளர் எங்கள் கைப்பேசிகளைப் பார்த்தான். நஸீஹா உள்ளறைக்குப் போய் ஒரு பெட்டிப் புது ஃபில்டரைத் தூக்கிவந்தாள். ஒவ்வொரு நாற்காலியாகப் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாக்கெட்டைக் கிழித்தாள். ருக்கியா கண்ணாடியில் நெற்றியை வைத்துத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றாள். மூலையிலிருந்த அந்தப் பெண்ணுக்கும் கிழித்த பிறகுதான் அல்லால் கையை நீட்டினார்.