அரைக்கால் சுற்று

ருஸைமி தன் மைத்துனரின் முதுகை முறைத்துக்கொண்டிருந்தான். முறைப்பதைத் தவிர அவனால் வேறென்ன செய்ய முடியும்? மனைவியின் மூத்த அண்ணன். குடும்பம் முழுக்க அவரை 'பாங் லோங்', அதாவது பெரியண்ணன், என்றுதான் கூப்பிடும். அவரிடம் குரலை உயர்த்தினால் அடுத்த மழைக்குள் செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். மலேசியாவின் மழை ஊரான தைப்பிங்கில் அடுத்த மழைக்கு அதிக நேரம் ஆவதில்லை.

பாங் லோங் மேசைமேல் இருந்த காரின்மீது கவிழ்ந்து கிடந்தார். கார் கைக்குழந்தை நீளம்தான் இருக்கும். நான்கு முரட்டுச் சக்கரம், எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின். ரிமோட்டில் ஓடினாலும் நைட்ரோ எண்ணெய் குடித்து நிஜக் காரைப்போல் அலறும். இருவரும் சேர்ந்து திருகு திருகாகப் பூட்டியது. பூட்டும்போதே உயிரை வாங்கினார் மனிதர். ஷாக் அப்சார்பர் எண்ணெயில் கடுகளவு காற்றுக் குமிழி இருந்தது என்று மூன்று தடவை பிரிக்கவைத்தார்.

"இன்னும் அரைக்கால் சுத்து மூடணும், மி."

"நல்லாத்தானே இருக்கு, பாங்."

"எஞ்சின் முனகுது. காதுன்னு ரெண்டு ஒட்டி வச்சிருக்கியே, அது எதுக்கு? கண்ணாடி மாட்டவா?"

மூடுவது கார்புரேட்டரின் ஊசித் திருகை. மூடினால் எண்ணெய் குறையும். கார் பறக்கும், எஞ்சின் கொதிக்கும். திறந்தால் எண்ணெய் கூடும்; புகை கக்கும், எஞ்சின் பிழைக்கும், வேகம் போகும். பாங் லோங்குக்கு எப்போது பார்த்தாலும் மூடத்தான் வேண்டும்.

ருஸைமி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் பாங் லோங் சரிபார்த்த எஞ்சினில் பிளக் எரிந்துபோனது. அன்றிலிருந்து, காரைத் தடத்தில் வைக்கப் போகும் வழியில், தொப்பியை இறக்கிவிட்டுக் குனிந்து, சட்டைப்பையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அந்த அரைக்கால் சுற்றை ரகசியமாகத் திறந்துவிடுவான். கார் சொன்ன பேச்சைக் கேட்கும். பாராட்டு பாங் லோங்குக்குப் போகும். பாங் லோங்கின் காது, பாங் லோங்கின் கைராசி என்று மற்றவர்களும் தங்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அந்த எஞ்சின்களும் பழுதில்லாமல் ஓடின. அது எப்படி என்று யோசிக்க ருஸைமிக்குப் பொறுமை இல்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டான்.

இன்று இறுதிப் பந்தயம். முதல் மூன்று பேர் கோலாலம்பூர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். பதினொரு வருடமாக ஓட்டுகிறான். ஒரு தடவைகூட முதல் மூன்றில் வந்ததில்லை. பாழாய்ப்போன அந்த மூன்றாவது இடத்துக்காகத்தான் இத்தனையையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்து எட்டாம் நம்பர்! நம்ம பாங் லோங் காரு! ஓட்டுறது... யாருப்பா அது? ஆங், ருஸைமி!"

போதாக்குறைக்கு மனைவி நோர்லியா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணன் எஞ்சினைப் பாத்துட்டாரா? அப்பக் கவலையில்ல. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க! ருஸைமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இன்றைக்குத் திருகைத் தொடப்போவதில்லை. பந்தயத்துக்கு முன் மூன்று நிமிடம் எஞ்சினைச் சூடேற்ற விடுவார்கள். அதிலேயே கொதித்துத் திணறும். ஊர் முன்னால் காரைத் திரும்பக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கத் திருகைத் திறப்பான். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வார் பாங் லோங்?

கார் திணறவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஓடியதே இல்லை. கொடி விழுந்ததும் ஆறாவது இடத்திலிருந்து நான்கைந்து சுற்றுக்குள் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் மேடையில் நின்றபடி ருஸைமிக்கு வெட்கமாகக்கூட இருந்தது. மனிதர் சொன்னதுதான் சரியோ? இரண்டு வருடமாக நான்தான் என் காரின் கழுத்தை நெரித்தேனோ? ஏழாவது நிமிடம் எண்ணெய் நிரப்பி அனுப்பிய பாங் லோங், கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அண்ணாந்து ஏதோ கத்திக் கையைச் சுழற்றினார். 'போ, போ' என்கிறார் என்று நினைத்து அவன் போனான்.

எண்ணெய் குறைந்த எஞ்சின் சாவதற்குச் சற்று முன்புதான் மிக நன்றாக ஓடும். பதினோராவது நிமிடம் பெரிய மேட்டில் தாவும்போது சத்தம் மெலிந்து உயர்ந்தது. அந்தரத்திலேயே நின்றுபோனது. கார் சத்தமில்லாமல் இறங்கி, உருண்டு, தடத்தின் ஓரம் பதித்த குழாயில் முட்டிக்கொண்டது.

பிஸ்டன் இறுகிவிட்டது. பாங் லோங் ஊசித் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்று எண்ணிக்கொண்டே கடைசிவரை மூடினார். பிறகு நிமிர்ந்தார்.

"இன்னைக்கு நீ தொடலையா?"

"எ... எதை, பாங்?"

"ரெண்டு வருஷமா போற வழியில அரைக்கால் சுத்து தொறப்பியே, அதைத்தான். நீ தொறப்பேன்னுதான்டா நான் அரைக்கால் கூடவே மூடி வைப்பேன். கடைசியில கணக்கு சரியா வந்துரும். இன்னைக்குச் சத்தம் சரியில்லன்னுதான் உள்ள கொண்டான்னு கையக் காட்டினேன்."

"தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாங்!"

"நீ தங்கச்சி வீட்டுக்காரன். கைய வைக்காதேன்னு முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? மனசு நோகாதா? அது கெடக்கட்டும். இத்தனை நாளும் தொட்டுட்டு, இன்னைக்கு ஏன் தொடலை?"

உங்களை ஊர் முன்னால் அவமானப்படுத்தத்தான். பதில் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தான்.

"இன்னைக்கு உங்கள நம்பிட்டேன், பாங்."

பாங் லோங்கின் முகம் அப்படியே உடைந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, ருஸைமியின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். நோன்புப் பெருநாளில் மன்னிப்புக் கேட்கும்போது சின்னவர்கள்தான் பெரியவர்களின் கையை அப்படிப் பிடிப்பார்கள்.

"மன்னிச்சிரு, மி. நீ நம்பின அன்னைக்கு நான் உன்ன நம்பாமப் போயிட்டேன்."

ருஸைமிக்கு வாயெல்லாம் கசந்தது. ஆனாலும், "பரவால்ல, பாங்," என்று சொல்லி அவரை மன்னித்துவிட்டான்.