சம்பந்தி தருவதாகச் சொன்ன சுங்கம்

காருக்குப் பின்னால் இழுத்துவந்த கேரவன் என்ற சக்கர வீட்டின் கட்டில்மேல் என் மகள் பிலிப்பாவின் கல்யாண உடை விரித்துக் கிடந்தது. அன்று பிற்பகல் மாப்பிள்ளையின் ஊர் நகர மன்றத்தில் திருமணப் பதிவு; பிலிப்பா முன்பே அங்கே போயிருந்தாள். பதிவு செய்துவைக்கும் மேயர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். நாங்களோ பிரான்சின் உள்சாலை ஒன்றில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"அந்த டிராக்டர்காரருக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னா, அவர் கல்யாணத்துக்காவது நேரத்துக்குப் போயிடலாம், ஹெட்லி" என்றாள் என் மனைவி எனிட்.

நான் டிராக்டரை முந்த இடம் பார்த்தேன்.

சுங்கச்சாலையில் போயிருந்தால் காலையிலேயே சேர்ந்திருப்போம். போன வாரம் சம்பந்தி வாஸர் தொலைபேசியில், "கேரவனோட வர்றீங்க, சுங்கம் அதிகமா கேப்பாங்க. அது என் செலவா இருக்கட்டும்" என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிறவன் வழிச்செலவுக்கு மாப்பிள்ளை வீட்டில் கையேந்துவதா? "சுங்கச்சாலையில கேரவன் இழுக்குறது எங்க குடும்பத்துல வழக்கமே இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வழக்கம் அதுவரை இருந்ததில்லை. ஆனால் எங்கள் தாக்ரே குடும்பத்தில் ஒருவன் வாய்விட்டுச் சொன்ன பிறகு அது இருந்தாக வேண்டும்.

அடுத்த ஊரில் சந்தை நாள். தெருவை அடைத்திருந்தார்கள். மாற்றுப்பாதை ஒரு சந்துக்குள் திரும்பியது. கேரவனோடு அதில் திரும்ப முடியாது. பின்னோக்கி எடுத்தேன். காய்கறிக்காரர் ஒருவர் கையாட்டி வழி சொல்ல, தக்காளிப் பெட்டிகளை உரசாமல் வெளியே வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

எனிட் வரைபடத்தை மடித்தாள். "பொண்ணு ஜீன்ஸ் போட்டுக்கிட்டு கையெழுத்துப் போடட்டும். உங்க சொல்லு நிக்கட்டும்."

சற்றுத் தள்ளி சுங்கச்சாலைக்கான நீலப் பலகை தெரிந்தது. திருப்பினேன். அவள் ஒன்றும் சொல்லாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் ஊர்க் காரில் ஓட்டுபவர் இருக்கை வலப்பக்கம். சீட்டு தரும் இயந்திரமோ இடப்பக்கம். காரைவிடக் கேரவன் அகலம். திட்டில் உரசிவிடும் என்று பயந்து தள்ளியே நிறுத்திவிட்டேன். எனிட் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்தும் கை எட்டவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

அந்த நேரம் காரின் ஒலிபெருக்கியில் பிலிப்பாவின் குரல் வந்தது. "அப்பா, எங்க இருக்கீங்க? மாமாவும் கேட்டுட்டு இருக்கார்."

பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சீட்டும் கையுமாக எனிட் என்னைப் பார்த்தாள்.

"சுங்கச்சாவடியில."

மறுமுனையில் வாஸர், "அப்பாடா. அப்போ நேரத்துக்கு வந்துடுவீங்க" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"செலவு என்னோடதுங்க" என்றேன்.

"சரிங்க, சரிங்க."

"அப்பா, பேசாம வண்டிய ஓட்டுங்க" என்றாள் பிலிப்பா.

எனிட் ஏறிக் கதவைச் சாத்தினாள். தடுப்புக் கட்டை உயர்ந்தது. ஓட்டினேன்.