பூஜ்யம் வைத்த வரி

டமாரென்று வெடித்தது. அடுத்த நொடி, சோதனை அறையில் இருந்த சுவாசக் கருவி வீல் வீலென்று அலற ஆரம்பித்தது. நுரையீரலுக்குப் பதிலாக அதில் மாட்டியிருந்த ரப்பர் பை கிழிந்து தொங்கியது. பார்வையிட வந்திருந்த மருத்துவமனைக்காரர்கள் பின்வாங்கினார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வாய்ப்பூட்டு அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

பட்டப்பெயர் வேலையால் வந்தது. கருவியை இயக்கும் அடிப்படை நிரலை, அதைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் போட்டால், 'இந்த இடத்தில் எண் மதிப்பு எதுவும் வைக்காமலே எடுக்கிறாய்' என்று எச்சரிக்கைகளாகக் கொட்டும். பெரும்பாலும் வீண் புலம்பல். மதிப்பு வேறெங்கோ வைக்கப்பட்டிருக்கும். கம்பைலரின் கண்ணுக்கு அது எட்டாது. ஆரம்பத்திலேயே ஒரு பூஜ்யத்தை வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். அப்படி வாயைப் பூட்டுவதுதான் அக்காவின் வேலை. மொத்தம் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளையும் வெள்ளிக்குள் ஒழித்தால், ஒப்பந்த வேலை நிரந்தரமாகும் என்றிருந்தான் டீம் லீடர். நிரந்தரமானால்தான் கணவரின் சிறுநீரகச் சிகிச்சைக்குக் காப்பீடு.

அக்கா ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் கை வைப்பாள். போன வாரம், முந்நூற்று ஆறாவதில் விரல் நின்றது.

"தம்பி, இது நெசமான எச்சரிக்கை. காத்தழுத்தம் பாக்குற சென்சார் பதில் சொல்லலன்னா இங்க மதிப்பே வராது. பூஜ்யம் வச்சா, அழுத்தமே இல்லன்னு நெனச்சு மெஷின் ஊதிக்கிட்டே இருக்கும்."

"நானூறும் பொய் சொல்லுது, இது மட்டும் சத்தியம் பண்ணுதாக்கும்! இதத் திருத்துனா மறுபடி ரெண்டு வாரம் டெஸ்ட் பண்ணணும். வெள்ளிக்கெழம வேல நெரந்தர ஆர்டர் வேணுமா வேணாமாக்கா?"

மேசையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து கணவர். அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். பூஜ்யத்தைத் தட்டினாள்.

இன்று வெள்ளி. வந்தவர்களில் ஒருவர், "இது கழண்டா என்ன ஆகும்?" என்று சென்சார் வயரை உருவிப் பார்த்துவிட்டார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டீம் லீடர் வந்தான். திரையில் அந்த வரி. பக்கத்தில், திருத்தியவர் பெயர்.

"உங்க பேர்தான் இருக்குக்கா."

"நீதானப்பா வைக்கச் சொன்ன?"

"எழுத்துல இருக்கா?"

அக்கா திரையில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து வரவேணாம்னு மேல சொல்லிட்டாங்க."

அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். உள்ளே கருவி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கதவருகே போனவளை டீம் லீடர் கூப்பிட்டான்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திட்டுப் போயிடுங்க."