வலியுறுத்துகிறீர்களா, திரும்பப் பெறுகிறீர்களா?

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் 'நடுநிலை எங்கே' என்று என் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம். (வீடு என்றது பேச்சுக்கு. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் ஓர் அறை. அதைப் பற்றிப் பிறகு.)

நான் சட்டமன்றத்தில் குறிப்பெழுதுகிறவள். உறுப்பினர்கள் பேசப் பேச, அவைக்கு நடுவே இருக்கும் மேசையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். பேச்சாக இல்லாத சிலவற்றையும் எழுதலாம், அடைப்புக்குறிக்குள். (சிரிப்பு), (குறுக்கீடு), (மேசையைத் தட்டும் ஒலி), (வெளிநடப்பு). எங்களுக்கு அனுமதிக்கப்பட்டவை இவ்வளவுதான். ஒருமுறை ஓர் உறுப்பினர் குறட்டை விட்டார். குறட்டைக்கு அடைப்புக்குறி இல்லை. ஆகவே அவர் குறட்டை விடவில்லை.

எதிர்வரிசையில் ஒருவர் இருக்கிறார். பெயிண்ட் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். அவைக்குள் அவருக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர். எந்தத் துறை பணம் கேட்டாலும் "இவ்வளவு எதுக்கு?" என்று எழுந்துவிடுவார். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு அரசே கட்டணம் கட்டுகிறதே, அதையும் விட்டுவைக்கவில்லை. "படிச்சு முடிச்சா வேலை எங்க? வேலைக்கு வழி பண்ணாம பட்டம் மட்டும் குடுக்கறது, சமையல் ஆள் இல்லாம பந்தல் போடற மாதிரி." அவை சிரித்தது. நான் (சிரிப்பு) என்று எழுதினேன்.

என் கட்டணத்தைக் கட்டியது அந்தத் திட்டம்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அப்பா மட்டும். அதுவும் பாதிப் பெயர்.

இந்த ஆளைக் கதையில் வைத்துக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். கிழியமாட்டேன் என்கிறார்.

2

முதல் தொடக்கம்: "அவர் ஒரு கல்நெஞ்சக்காரர். ஏழைகளின் கண்ணீர்..."

கைவிட்டேன். கட்சி நோட்டீஸ் நாற்றம்.

இரண்டாம் தொடக்கம்: "வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று திருப்பிய பெயிண்டையெல்லாம் கத்தரிக்கோல் தன் வீட்டுச் சுவருக்கு அடித்தார். ஆகவே அவர் வீட்டில் எந்த இரண்டு சுவரும் ஒரே நிறத்தில்..."

இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் உங்களுக்கு அவரைப் பிடித்துவிடும். (எனக்கே பிடித்துத் தொலைத்தது.)

மூன்றாவது. இதுவே இருக்கட்டும்:

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதே அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பைக் கத்தரிக்கோல் கவனித்துவிட்டார். அக்கா சும்மா சிரிக்கிறவள் இல்லை. கல்யாண போட்டோவிலேயே கடன்காரனைப் பார்ப்பதுபோல்தான் நிற்பாள்.

"நாளைக்கு உன் தீர்மானம் வருதாமே?"

"எந்தத் தீர்மானம்?"

"நடிக்காதடா. நம்ம ஊர்ல வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு விடுதி கட்டப் போறாங்கல்ல, அதுக்குக் காசே குடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கியாம். டிவியில சொன்னான்."

"விடுதி வேணாங்கல அக்கா. பக்கத்து ஊர்ல ஒண்ணு கட்டி, ரிப்பன் வெட்டி, பூட்டி வச்சிருக்காங்க. வார்டனுக்குச் சம்பளம் போடக் காசு இல்லையாம். மொதல்ல அந்தப் பூட்டைத் தொற, அப்புறம் புதுசா கட்டுங்கறேன்."

"நல்லதாப் போச்சு. என் மாடி ரூமெல்லாம் காலியாகாது."

கத்தரிக்கோலின் கை தட்டிலேயே நின்றது.

அக்காவின் மாடி அவருக்கு மறந்திருக்கவில்லை. தையல் ஆலைப் பெண்கள் அறைக்கு நாலு பேராக அங்கே இருப்பதும், மாமா போன பிறகு அக்கா அந்த வாடகையில்தான் காலம் தள்ளுவதும் தெரியும். தீர்மானமும் தெரியும். இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, நான் அதுக்காக எழுதல."

"எதுக்காக எழுதினா என்ன? ஊர்ல ஒவ்வொருத்தியும் என் தம்பி ரோடு போட்டான், பாலம் போட்டான்னு பீத்திக்கறா. என் தம்பி எதுவுமே போடமாட்டான்னு நான் சொல்லிட்டுத் திரியறேன். மொத தடவையா உன் கொள்கை எனக்குச் சோறு போடுது. போட்டுட்டுப் போகட்டுமே."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா என் மாடிக்கு வெள்ளையடிக்குது? சாப்பிடு, ஆறுது."

(இந்த அக்கா உண்டு, மாடியும் உண்டு. அவரே பிற்பாடு சொன்னார். பேச்சு மட்டும் என் வீட்டுக்கார அம்மாவிடமிருந்து எடுத்தது. குழாயில் தண்ணீர் காலையில் மட்டும் வரும், வாடகை மட்டும் எந்த வேளையும் கேட்கப்படும் வீடு எங்களுடையது. அந்த அம்மாவைக் கதையில் மாட்டிவிட்டுப் பழிதீர்க்கலாமென்று பார்த்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், கதையில் தெளிவாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.)

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று கேட்க வேண்டும்.

கொள்கைக்காக நஷ்டப்பட்டவனை நம்புகிறோம். சரி. அதே கொள்கையால் அவனுக்கு லாபம் வந்தால்? உறுப்பினர்களுக்குச் சம்பளம் உயர்ந்தபோது இவர் ஒருத்தர்தான் எழுந்து வேண்டாமென்றார். சொந்தக் கட்சிக்காரர்களே பிறகு அவரோடு காபி குடிக்கப் போகவில்லை. அது கொள்கை. இப்போது விடுதியை வெட்டினால் அக்காவின் மாடி நிறைகிறது. அதே வாய், அதே வாதம். இது கொள்கையா, மாடியா?

வெட்டாமல் விட்டால் மட்டும்? சொந்த ஊருக்கு வந்ததும் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது என்பார்கள். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

அவர் வழக்கமாகச் சொல்லும் ஒன்று என்னை அரிக்கிறது. "அரசாங்கத்துக்குன்னு சொந்தமா ஒரு காசு கிடையாது. இருக்கறதெல்லாம் எவனோ ஒருத்தன் காலையில ஷட்டரைத் தூக்கினதால வந்தது." எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் பதில் சொல்வேன்: அந்த ஒருத்தன் தூக்கிய ஷட்டரில்தான் நான் படித்தேன். அதற்காக அவன் காலில் விழ வேண்டுமா? எங்கப்பாவும்தான் தீப்பெட்டியிலிருந்து செருப்புவரை வரி கொடுத்தார். அவர் தூக்க ஒரு ஷட்டர் இல்லை, அவ்வளவுதான். ஆகவே அரசாங்கம் என்பது... [நீக்கப்பட்டது. இது கட்டுரையாகிறது.]

ஒன்றை மட்டும் நீக்க மனம் வரவில்லை. அந்தப் பூட்டிய விடுதியைப் பற்றி அவையில் வாய் திறந்த ஒரே ஆள் இவர். அதைக் கட்டிப் பூட்டிய கட்சிக்கு ஓட்டுப் போட்டவள் நான்.

4

இனி அவையில் நடந்தது. இதில் கற்பனை கிடையாது. அவர் மனத்துக்குள் ஓடியது மட்டும் என் கை வேலை.

வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு துறைக்கு அமைச்சர் பணம் கேட்கும்போது, எதிர்க்கட்சி உறுப்பினர் இதில் இவ்வளவைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். பெரும்பாலும் பேச ஒரு சாக்கு. பேசி முடித்ததும் "வலியுறுத்துகிறீர்களா, திரும்பப் பெறுகிறீர்களா?" என்று சபாநாயகர் கேட்பார். உறுப்பினர் திரும்பப் பெறுவார். எனக்குத் தெரிந்து யாரும் வலியுறுத்தியதில்லை. கத்தரிக்கோலும் இத்தனை ஆண்டுகளாக வீராவேசமாகப் பேசிவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பப் பெற்றிருக்கிறார்.

இன்று அவர் பேசியபோது குரலில் பழைய கூர்மை இல்லை. பூட்டிய விடுதியைச் சொன்னார். வரி கட்டுகிறவனைச் சொன்னார். சொல்லும்போதே எதிரே பார்த்தார். அமைச்சர் ஒருவர் வீட்டுக் கல்யாணம், ஆளுங்கட்சி வரிசை பாதி காலி. தன் பக்கம் நிறைந்திருந்தது. வலியுறுத்தினால் வாக்கெடுப்பு. வாக்கெடுப்பு வந்தால் விடுதி போய்விடும். நிஜமாகவே போய்விடும்! இதுவரை அவர் வெட்டிய எதுவும் வெட்டுப்பட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காற்றை வெட்டிப் பழகிய கையில் முதன்முதலாகத் துணி.

சபாநாயகர் கேட்டார்: "வலியுறுத்துகிறீர்களா, திரும்பப் பெறுகிறீர்களா?"

கத்தரிக்கோல் வாயைத் திறந்தார். மாடிப் படியில் செருப்புகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் பெண்கள் வந்தார்கள். அக்கா வந்தாள். பூட்டு வந்தது. சொல் வரவில்லை.

"தீர்மானம் அவையின் அனுமதியுடன் திரும்பப் பெறப்பட்டது" என்று படித்துவிட்டார் சபாநாயகர். முன்னால் இருந்த தாளில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. எல்லா நாளும் அப்படித்தான் அச்சிடுவார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த துறை எழுந்தது. திறந்த வாயோடு நின்றவர் மெல்ல உட்கார்ந்தார்.

5

அவை கலைந்ததும் குறிப்பெழுத்தர் அறைக்கு வந்தார். உறுப்பினர்கள் தங்கள் பேச்சைப் படித்துப் பார்த்துப் பிழை திருத்தலாம். சொன்னதை எடுக்கக் கூடாது, சொல்லாததைச் சேர்க்கக் கூடாது.

"நான் திரும்பப் பெறலம்மா."

"தெரியும் சார்."

"அப்ப எழுது."

"என்னன்னு சார்? நீங்க எதுவும் சொல்லலையே."

"அதைத்தான் எழுது. எதுவும் சொல்லலன்னு."

"சொல்லாததுக்கு எங்ககிட்ட அடைப்புக்குறி கிடையாது சார்."

"குறட்டைக்கு?"

"அதுக்கும் இல்ல."

"அதான் நம்ம அவை இவ்வளவு கண்ணியமா இருக்கு." சிரிக்கப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார்.

"நாளைக்குக் காலையில எழுந்து சொல்லுங்க சார். தப்பாப் படிச்சிட்டாங்கன்னா திருத்தித்தான் ஆகணும்."

"திருத்தினா மறுபடியும் கேப்பாரு. வலியுறுத்தறியா, இல்லையான்னு."

"பதில் சொல்லுங்க."

"தெரிஞ்சா இப்பவே சொல்லிட மாட்டேனா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்காவைப் பற்றி, மாடியைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்கிற மாதிரி.

"அவர் அப்படிப் படிச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா. அதுதான் அசிங்கமா இருக்கு. இத்தனை வருஷம் கத்தினேன். கேட்டதும் வாய் வரல."

கோபமாக ஏதாவது சொல்லத்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து, "நீ எங்க தங்கியிருக்க?" என்றார்.

"நாலு பேர், ஒரு ரூம்."

"வாடகை?"

சொன்னேன்.

"அடப்பாவி! ரொம்ப ஜாஸ்திம்மா. எங்க அக்காகூட இவ்வளவு..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

பிழை திருத்தாமல், கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்.

6

இன்று மாலையே இதை முடித்தாக வேண்டும். நாளை அவை கூடியதும் அவர் என்ன செய்வார் என்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் இது கதை இல்லை, செய்தி.

முடிவு அ: எழுகிறார், வலியுறுத்துகிறார், வாக்கெடுப்பில் தோற்கிறார். ஏனென்றால் கல்யாணம் முடிந்து எல்லோரும் திரும்பியிருப்பார்கள். கொள்கையும் பிழைத்தது, விடுதியும் பிழைத்தது. ஆனால் தோற்பது நிச்சயம் என்று தெரிந்து எழுவதற்கு என்ன பெயர்? அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: எழவில்லை. விடுதி கட்டப்படுகிறது. ரிப்பன். பிறகு பூட்டு. அக்காவின் மாடியில் அதே செருப்புகள், வாடகை கொஞ்சம் கூடுதல். கத்தரிக்கோல் சொன்னது பலித்துவிட்டது. அதில் அவருக்கே சந்தோஷம் இல்லை. இதையும் அடித்தேன். எனக்கு அந்த விடுதி திறக்க வேண்டும்.

முடிவு இ: திறந்துவிட்டது. பெண்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்குகிறார்கள். அக்கா வாசலில் நின்று பார்க்கிறாள், இனி அவளுடைய மாதம்...

இதை முடிக்க முடியும் என்று நினைத்தேன். வாடகை வாங்குகிறவளுக்காக நான் தயங்குவேன் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். (சிரிப்பு.)

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். அவைக்குறிப்பில் இல்லாத அடைப்புக்குறியைக் கதையில் போட எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். காலியாக வைத்திருக்கிறேன். நிரப்புங்கள். நிரப்புவதற்கு முன்னால், நீங்கள் மாடியில் இருப்பவரா, மாடிக்குச் சொந்தக்காரரா, ஷட்டரைத் தூக்குகிறவரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போவது உங்களுக்கு லாபமாக இருந்தால், கத்தரிக்கோல் நின்ற மாதிரியே கொஞ்சம் நில்லுங்கள்.

சபாநாயகர்: வலியுறுத்துகிறீர்களா, திரும்பப் பெறுகிறீர்களா?

உறுப்பினர்: (                              )